மல்லாட்டைச் சுருள்பூச்சிக்கு ஏன் இரண்டு பெயர்?

அணைக்கட்டுப் பக்கம் மல்லாட்டையில் (நிலக்கடலையில்) விழும் சுருள்பூச்சியைப் பழைய நூல் 'ஸ்டோமோப்டெரிக்ஸ் சப்செசிவெல்லா' என்கிறது, புதியது 'அப்ரோஏரிமா மோடிசெல்லா' என்கிறது, இரண்டும் வேறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் பயிர் நூல்களைப் பொறுத்தவரை பூச்சி ஒன்றேதான். குடும்பம் ஜெலிக்கிடே, சிறிய அந்துப்பூச்சிகளின் குடும்பம். புதிய பெயருக்குப் பின்னால் 'டெவென்டர், 1904' என்று அடைப்புக்குறிக்குள் வருகிறதே, அந்த அடைப்புக்குறிதான் முக்கியம்: முதலில் விவரித்தவர் வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்று பொருள்.

குடும்பத்தை அடையாளம் காண லென்ஸ் போதும். வாயருகே உள்ள உணர்நீட்சி (பால்ப், தலைமேல் உள்ள உணர்கொம்பு அல்ல) அரிவாள்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்சிறகின் நுனி கூராக நீண்டிருக்கும். இனத்தை உறுதிசெய்யச் சிறகு நிறத்தை நம்பாதீர்கள், செதில் உதிர்ந்தால் எல்லாமே ஒரே சாம்பல்தான். வயிற்றுப் பகுதியை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வலையில் பிடித்ததைவிட, சுருண்ட இலையைப் பாட்டிலில் போட்டு மெல்லிய துணி கட்டி வளர்த்தெடுத்த அந்துப்பூச்சியே நல்லது, செதில் குலையாது.