பழைய நீர்வர்ணப் படத்தைத் திருத்துவது: கேள்வி பதில்

கிளிநொச்சியில் சித்திரம் படிப்பிக்கிறேன். பழைய படங்களைத் திருத்தலாமா என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

ரீச்சர், இரணைமடுக் குளத்தை வரைந்தேன். வானம் கடும் நீலமாகிவிட்டது. படத்துக்கு மூன்று வயது. இனி அந்த நிறத்தை எடுக்கலாமா? (புதுமுறிப்பு)

எடுக்கலாம், ஆனால் எந்த நீலம் என்பதைப் பொறுத்தது. நீர்வர்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது கோந்து. அது எத்தனை வருசம் காய்ந்தாலும் தண்ணி பட்டால் இளகும். அல்ட்ராமரின் நீலம் பெரும்பாலும் தாளின் மேலேயே நிற்பதால் தாளை விட்டு நன்றாக எழும்பும். தாலோ நீலத்தின் துகள் மிக நுண்ணியது, நாருக்குள் இறங்கிக் கறையாகிவிடும். உங்களுடையது எதுவென்று படத்தின் ஓரத்தில் ஒரு துளி தண்ணி வைத்துப் பாருங்கள்.

எழும்பினால், சற்று விறைப்பான பிறஸ்ஸைச் சுத்தமான தண்ணியில் நனைத்து அந்த இடத்தை ஈரமாக்குங்கள். கொஞ்சம் பொறுத்து, மெல்லத் தேய்த்து, ரிசுவால் ஒற்றி எடுங்கள். ரிசுவால் தேய்க்கக் கூடாது. தாள் பஞ்சு மாதிரி எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்திக் காயவிடுங்கள். சதுர மீற்றருக்கு 300 கிராம் பாரமுள்ள பருத்தித் தாள் இதைத் தாங்கும். சித்திரக் கொப்பித் தாள் தாங்காது.

எழும்பாவிட்டால் வானத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். குளக்கட்டையும் மரங்களையும் கருமையாக்கினால் வானம் தானாக அடங்கிவிடும். நீர்வர்ணத்தில் எடுப்பதை விடச் சேர்ப்பது லேசு. திருத்த வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

படம் முழுக்கச் சோர்ந்து கிடக்கிறது. எங்கே பிழை என்று பிடிபடவில்லை. (முள்ளியவளை)

போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் கருமை போதவில்லை. ஈரத்தில் சரியாகத் தெரிகிற நிறம் காய்ந்ததும் வெளிறும். ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பித்தான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அல்ட்ராமரினோடு பேர்ண்ட் சியன்னா என்ற செம்மண் நிறம் கலந்தால் நல்ல கருமை வரும். பனையடியிலும் வேலி நிழலிலும் அதை வையுங்கள். அகலமான மென்மையான பிறஸ்ஸால் ஒரே இழுவை. போன இடத்துக்குத் திரும்பிப் போனால் அடியிலுள்ள நிறம் கலங்கிச் சேறாகும்.

பழைய படை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். புறங்கையைத் தாளில் வையுங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நம் மாரி காலத்தில் இதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

கொக்கின் வெள்ளை போய்விட்டது. வெள்ளைப் போஸ்டர் கலர் வைக்கலாமா? (முல்லைத்தீவு)

தாராளமாக வையுங்கள். வெள்ளை வர்ணம் வைத்தால் அது நீர்வர்ணப் படமே அல்ல என்பார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. ஆங்கிலேய ஓவியர் டேர்னரே வெள்ளை வர்ணமும் வைத்தார், தாளைச் சுரண்டியும் ஒளி எடுத்தார். நந்திக்கடல் தண்ணியின் மினுக்கத்துக்கு பிளேட் நுனியால் லேசாகச் சுரண்டினால் போதும். அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். சுரண்டிய இடத்தில் பிறகு நிறம் பட்டால் கருமையாக ஊறிவிடும்.

இடம்பெயர முன்னர் அப்பா வரைந்த வட்டாப்பளை அம்மன் கோயில் படம். ஈரம் பட்டு ஓரத்தில் மண்ணிறக் கோடு விழுந்திருக்கிறது. மேலே நிறம் பூசி மறைக்கட்டுமா? (விசுவமடு)

வேண்டாம் தங்கச்சி. அந்தப் படத்தில் பிறஸ்ஸே வைக்காதீர்கள். உங்கள் நிறம் விழுந்தால் அது பிறகு அப்பாவின் படமாக இராது. தண்ணி பட்டால் உள்ளே இன்னொரு கோடும் விழலாம். முதலில் நல்ல ஸ்கேன் எடுத்து வையுங்கள். திருத்தும் ஆசையைப் பிரதியில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மூலப் படத்தை, கண்ணாடி படத்தில் முட்டாதபடி சுற்றிவர மவுண்ட் மட்டை வைத்து பிறேம் பண்ணுங்கள். ஓரக் கோடு மட்டைக்குள் மறைந்துவிடும். வெயில் விழுகிற சுவரில் மாட்ட வேண்டாம். பழைய கிரிம்சன் சிவப்புகள் வெளிச்சத்தில் வெளிறக் கூடியவை.

ஒரு மூலை மட்டும்தான் வடிவாக இருக்கிறது. (மாங்குளம்)

அந்த மூலையை வெட்டி எடுங்கள். மட்டையில் ‘ட’ வடிவமாக இரண்டு துண்டு வெட்டி, படத்தின் மேல் சதுரமாக நகர்த்திப் பார்த்தால் எங்கே வெட்டுவதென்று தெரியும்.

திருத்திய பிறகு தாள் நெளிந்துவிட்டது. (வவுனியா)

படம் நன்றாகக் காய்ந்த பிறகு பின்பக்கத்தை மட்டும் ஸ்பொஞ்சால் லேசாக ஈரமாக்கி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே பலகையும் பாரமும் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பழைய பேப்பரை வைக்காதீர்கள், மை ஒட்டிவிடும்.