கேளுங்கள், சொல்கிறோம்: பாப்பிரஸ்

கேள்வி: பாப்பிரஸ் என்பது மரப்பட்டையா, இலையா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். (வாசகி, கும்பகோணம்)

இரண்டும் இல்லை, தண்டு. பழைய எகிப்தியர் எழுதப் பயன்படுத்திய பாப்பிரஸ் ஒரு கோரை. பத்தமடையில் பாய் நெய்கிறார்களே, அந்தக் கோரையின் குடும்பம்தான், ஆனால் பதினைந்து அடி வரைக்கும் வளரும். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும், உச்சியில் விளக்குமாற்றைத் தலைகீழாக நிறுத்தி விரித்துவிட்ட மாதிரி பச்சை இழைகள். தண்ணீர் தேங்கும் சேற்றில்தான் நன்றாக வரும், நைல் நதியின் கழிமுகச் சதுப்பில் ஒரு காலத்தில் இது மண்டிக் கிடந்தது. எழுத மட்டும்தான் பயன்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கயிறு, பாய், கூடை, செருப்பு, படகு எல்லாம் இதில் செய்தார்கள், தண்டின் அடிப்பகுதியைச் சுட்டுத் தின்றதாகப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

கேள்வி: தண்டைக் கூழாக்கித்தான் தாள் செய்தார்களா? (வாசகர், ஈரோடு)

கூழாக்குவதே கிடையாது, காகிதத்துக்கும் இதற்கும் அதுதான் பெரிய வித்தியாசம். பச்சைத் தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றுப் பகுதியை நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாகக் கீறி எடுப்பார்கள், அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, அதன் மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு போட்டு, தட்டி, பாரம் வைத்து அழுத்திக் காயவிட்டால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். நைலின் கலங்கல் தண்ணீர்தான் பசை என்று ரோமானியரான பிளினி எழுதி வைத்தார், அது சரியில்லை, செடியின் சாறே போதும். அப்புறம் மேல்பக்கத்தை வழவழப்பாகத் தேய்த்து, தாள்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டிச் சுருளாக்குவார்கள். கடையில் விற்ற சுருளில் 20 தாளுக்கு மேல் இருக்காது என்கிறார் அதே பிளினி, ஆனால் தேவைப்பட்டால் ஒட்டிக்கொண்டே போகலாம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹாரிஸ் பாப்பிரஸ் கிட்டத்தட்ட 41 மீட்டர்! எழுத விளக்குக்கரியில் பிசின் கலந்த மை, தலைப்புக்குக் காவிச் சிவப்பு.

கேள்வி: தொட்டாலே நொறுங்கும் பொருளில் எப்படி அத்தனை காலம் எழுதினார்கள்? (வாசகர், மதுரை)

இந்தத் தப்பெண்ணம் பலருக்கும் இருக்கிறது. நாம் அருங்காட்சியகத்தில் பார்ப்பது ஆயிரக்கணக்கான ஆண்டு கிழடு, நொறுங்காமல் என்ன செய்யும்? புதிதாக இருக்கும்போது சுருட்டலாம், விரிக்கலாம், எழுத்தைக் கழுவிவிட்டுத் திரும்ப எழுதவும் செய்தார்கள். அதற்கு எதிரி ஈரம்தான். பாலைவன மணலில் புதைந்துவிட்டால் அசையாது. 2013இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் தொல்லியலாளர் பியேர் தாலே குழுவினர் கண்டெடுத்தவை சுமார் 4,500 ஆண்டுப் பழமையானவை, எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே மூத்தவை. மேரர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி எகிப்து மன்னர் கூஃபுவின் பிரமிடுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார். அரசனைப் புகழ்ந்து ஒரு வரி பாடவில்லை, இன்று எங்கே சரக்கு ஏற்றினோம், இரவு எங்கே தங்கினோம், இவ்வளவுதான், எனக்கு அதுதான் பெரிய பொக்கிஷமாகப் படுகிறது. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடும் அப்படித்தான். கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1896இல் அங்கே தோண்டத் தொடங்கினார்கள், வரி ரசீது, கல்யாண அழைப்பு, வீட்டுக்கு எழுதிய கடிதம், தொலைந்துபோன கிரேக்கக் கவிதை என்று லட்சக்கணக்கான துண்டுகள் வந்தன.

கேள்வி: எகிப்து போன உறவினர் பாப்பிரஸ் ஓவியம் கொடுத்தார். அசலா? (வாசகி, கோவை)

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிய வேண்டும். மெதுவாகச் சுருட்டினால் முறியக் கூடாது. வாழை நாரில் செய்த போலிகளும் அங்கே விற்கிறார்கள். எகிப்தில் இந்தச் செடியே ஏறக்குறைய அழிந்துபோய், 1960களில் ஹசன் ரகாப் என்பவர் சூடானிலிருந்து கொண்டுவந்து மறுபடி பயிரிட்ட பிறகுதான் இன்றைய பாப்பிரஸ் தொழில் வந்தது.

கேள்வி: யவனர்கள் இங்கே வியாபாரத்துக்கு வந்தார்களே, நம் பக்கம் ஏன் பாப்பிரஸ் கிடைக்கவில்லை? (வாசகர், திருச்சி)

மழைதான் காரணம். ஓலைச்சுவடியையே திரும்பத் திரும்பப் படி எடுத்துத்தான் காப்பாற்றினோம், இந்த ஈரத்தில் பாப்பிரஸ் எங்கே நிற்கும்? ஆனால் நம் பக்கத்து வியாபாரக் கணக்கு ஒன்று எகிப்து வழியாகத் தப்பிப் பிழைத்து இப்போது வியன்னாவில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கிரேக்க மொழி. ஒரு பக்கம் சேரர் துறைமுகமான முசிறியைக் குறிப்பிடும் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மாபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு, கங்கைச் சடாமாஞ்சில் என்ற வாசனை வேர், யானைத்தந்தம் என்று வரிசையாக. செங்கடலில் இறக்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி நைல் கரை ஊரான கோப்டோஸ் போய், அங்கிருந்து ஆற்று வழியாக அலெக்சாண்டிரியா சேர வேண்டும், அங்கே நாலில் ஒரு பங்கு சுங்கம். ஒப்பந்தத்தின் தொடக்கம் கிழிந்துபோனதால் கடன் வாங்கியவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.