‘போராட்’ திரைப்படம் கேலி செய்வது கசகஸ்தானையா, அமெரிக்காவையா?

2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘போராட்’ என்னும் நகைச்சுவைப் படம் கசகஸ்தானை இழிவுபடுத்துகிறதா, அமெரிக்கர்களின் அறியாமையைக் காட்டுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் குறி அமெரிக்காதான் என்பது என் கருத்து.

அமெரிக்காவுக்கு வரும் கசகஸ்தான் செய்தியாளராக ஆங்கிலேய நகைச்சுவை நடிகர் சாஷா பாரன் கோகன் ஏற்ற வேடத்தில் கசகஸ்தானுக்கு உரியது ஏறக்குறைய எதுவுமே இல்லை: தாய்மொழி போல அவர் பேசுவது பெரும்பாலும் ஹீப்ரு, உடன்வரும் தயாரிப்பாளர் பேசுவது ஆர்மீனிய மொழி, சொந்த ஊராகக் காட்டப்படுவதோ ருமேனியாவின் கிளோட் என்னும் சிற்றூர். இந்தப் பொருந்தாத கலவையை நடிகர்கள் அல்லாத, அவரைச் சந்தித்த அமெரிக்கர்கள் பலர் ஐயமின்றி நம்பினார்கள். வர்ஜீனியாவின் சேலம் நகரில், ரோடியோ எனப்படும் காளை, குதிரை அடக்கும் விளையாட்டரங்கில், ஈராக் போரை அவர் கொடூரமான சொற்களால் வாழ்த்தத் தொடங்கும்போது கூட்டம் கைதட்டி ஆர்ப்பரிக்கிறது. அமெரிக்க நாட்டுப்பண்ணின் மெட்டில் வேறு சொற்களைப் பாடிய பிறகே எதிர்ப்புக் கூச்சல் வலுக்கிறது. படத்தின் மிகக் கூர்மையான இடம் இது.

ஆனாலும் ஒரு குறையை நான் மறைக்க விரும்பவில்லை. கிளோட்டின் ஏழை ரோமா (ஜிப்சி) இன மக்கள், படத்தின் தன்மை தெரியாமல் நடிக்கவைக்கப்பட்டதாகப் பின்னர் முறையிட்டார்கள். அவர்களைக் கருவியாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அறியாமை அமெரிக்காவோடு நிற்கவும் இல்லை. 2012இல் குவைத்தில் நடந்த துப்பாக்கி சுடும் போட்டியில், தங்கம் வென்ற கசகஸ்தான் வீராங்கனைக்கு அந்நாட்டுப் பண்ணுக்குப் பதிலாக இப்படத்தின் கேலிப் பாடலையே தவறுதலாக ஒலிக்கவிட்டார்கள்.