சட்டம் படித்து முடித்ததும் நோட்டரி பப்ளிக் ஆகிவிடலாமா? அது நிலையான வேலையா?

சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். மதுரைப் பக்கம் ஒரு கோர்ட் வாசலில் வக்கீலாகவும், பத்திரங்களுக்குச் சான்று கொடுத்து முத்திரை போடும் நோட்டரியாகவும் இருப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

முடித்ததும் ஆக முடியாது தம்பி. 1956 நோட்டரி விதிகள்படி குறைந்தது 10 ஆண்டு வக்கீலாகப் பணியாற்றியிருக்க வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 ஆண்டு போதும். நான் எட்டாவது வருடத்தில் விண்ணப்பித்தேன். மத்திய அரசும் நியமிக்கும், மாநில அரசும் நியமிக்கும். சான்றிதழ் 5 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். நியமிப்பது அரசு என்றாலும் சம்பளம் கிடையாது. வருகிறவர்கள் தரும் கட்டணம்தான் வரும்படி. அந்தக் கட்டணப் பட்டியலை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி மாட்டவேண்டும்.

பிரிவு 138 என்றால் செக் பவுன்ஸ் என்று படித்திருப்பீர்கள். செக், புரோநோட்டு போன்றவற்றுக்கான 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் ஒரு காலத்தில் அதே எண்ணில் இருந்தது நோட்டரி நியமனம் பற்றிய பிரிவு. 1952 நோட்டரிகள் சட்டம் அதை நீக்கியது. காலியாகக் கிடந்த எண்ணில் 1988 திருத்தம் செக் பவுன்ஸைக் கொண்டுவந்து வைத்தது. உண்டியல் என்ற வணிகர்களின் பணம் கொடுக்கும் சீட்டும் புரோநோட்டும் பணமாகாமல் திரும்பும்போது அதைப் பதிவு செய்து தருவது நோட்டரியின் பழைய வேலை. சட்டத்தில் இன்றும் இருக்கிறது, என் மேசைக்கு ஒன்றுகூட வந்ததில்லை. வருவதெல்லாம் பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், பெயர்த் திருத்தம், பேங்க் காகிதங்கள்.

போன ஐப்பசியில் ஒருவர் வந்தார், நாற்பது வயதிருக்கும். இறந்துபோன அப்பாவின் வைப்புத்தொகையை எடுக்க பேங்க் கேட்ட தாள். ஆங்கிலத்தில் டைப் அடித்து, அம்மா கையெழுத்தும் போட்டுத் தயாராக இருந்தது. முத்திரைதான் பாக்கி.

"அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"முட்டி வலி மேடம், மாடி ஏற முடியாது. கீழ ஆட்டோவுல இருக்காங்க."

பதிவேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன். தூறலுக்குப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். மடியில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாம்மா?"

"அவுக பணம் பேங்குல கெடக்குல்ல தாயி, அத எடுக்க."

தமிழில் வாசித்தேன். கணவர் பணத்தில் எனக்குள்ள பங்கை மகனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்ற வரி வந்ததும் மகனைப் பார்த்தார். "எனக்குன்னு ஒண்ணுமே இல்லையாப்பா?" மகன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பதிவேட்டை மூடினேன். அந்தம்மா தாளை என்னிடமிருந்து வாங்கி, நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நோட்டரி வேலை என்று நான் சொல்வது இதைத்தான். முத்திரையில் நம் பெயரும் பகுதியும் இருக்கும், 5 செ.மீ. வட்டம். அதற்கு மேல் 'என் முன்னிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். ஆள் வராமல் அந்த வார்த்தையை எழுதினால் அது பொய். டைப்பிங் சென்டர்காரர் பத்துத் தாளை மொத்தமாகக் கொண்டுவந்து "பார்ட்டி எல்லாம் தெரிஞ்சவங்கதான் மேடம்" என்பார். போடாதீர்கள். அதனால் எனக்கு வரும்படி குறைவுதான், உண்மை. ஆனால் ஒவ்வொரு தாளும் பதிவேட்டில் ஏறவேண்டும், கையெழுத்தோ கைரேகையோ வாங்கவேண்டும், ஜனவரி முதல் வாரம் போன வருடக் கணக்கை அரசுக்கு அனுப்பவேண்டும். என்றைக்காவது கோர்ட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து கேட்டால் நாம்தான் பதில் சொல்லவேண்டும்.

வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பத்திரம் கேட்டு வருவார்கள். நோட்டரி திருமண அலுவலர் அல்ல; 2024-இல் மத்திய சட்ட அமைச்சகமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பதிவு அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்புவேன். நோட்டரி போட்ட தாளை நம்பி இடம் வாங்கிவிட்டு, பத்திரம் பதிவாகவில்லை என்று அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்க்கத்தான் மனசு ஆறாது. 20 ரூபாய்த் தாளில் எழுதி நோட்டரி போட்டால் வீடு நம் பெயருக்கு மாறாது, சார் பதிவாளர் அலுவலகத்தில் பதியவேண்டும் என்று தினமும் யாருக்காவது சொல்கிறேன்.

நிலையான வேலையா என்றால், சின்ன ஊரில் நோட்டரியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். சான்றிட்ட நகல் கேட்டு வரும் கூட்டமும், நகலில் அவரவரே கையெழுத்துப் போடும் சுயசான்று வந்தபின் குறைந்துவிட்டது. வழக்குகளை விடாமல் நடத்துங்கள். பார் கவுன்சிலில் பதிந்த கையோடு நல்ல சிவில் சீனியரிடம் சேருங்கள். அங்கே வரும் பத்திரங்களை வாரம் ஒன்றாவது, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்குத் தமிழில் வாய்விட்டு வாசித்துப் புரியவைத்துப் பழகுங்கள்.