ஆறு ஜாக்கிலும் கேபிள் இருக்கிறது, சத்தம் இரண்டில்தான் வருகிறது: சிந்தசைசர் ரெக்கார்டிங் கேள்வி-பதில்

சிந்தசைசரின் பல அவுட்புட்டுகளை ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் கொண்டுவருவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களில் பலரும் சாஃப்ட்வேரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் சிந்த்தின் மெனு மேல்தான்.

ரோலண்ட் ஜேவி-1080 மாட்யூலின் (கீ இல்லாத சிந்தசைசர்) ஆறு அவுட்புட்டையும் எட்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸில் (சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) சொருகிவிட்டேன். 16 மிடி (எந்த நோட்டை வாசிக்க வேண்டும் என்று சொல்லும் கட்டளை) சேனலுக்கும் 16 ட்ராக் போட்டாயிற்று. ஆனால் எல்லா வாத்தியமும் முதல் இரண்டு இன்புட்டில்தான் கேட்கிறது. கியூபேஸ் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

கியூபேஸை அப்புறம் பார்க்கலாம். மிடி சேனல் என்பது நோட்டு உள்ளே போகிற வழி, ஆடியோ அவுட்புட் என்பது சத்தம் வெளியே வருகிற வழி. ஒன்றைப் பிரித்தால் மற்றதும் தானாகப் பிரிந்துவிடாது. 16 பார்ட்டும் (சேனலுக்கு ஒரு வாத்தியம்) தனித்தனியாக வாசித்தாலும், எல்லாவற்றையும் மிக்ஸ் ஜோடிக்கு அனுப்பு என்று மாட்யூலில் இருந்தால் அது அப்படியே செய்யும்.

1994-ல் வந்த இந்த மாட்யூலில் மிக்ஸ், டைரக்ட் 1, டைரக்ட் 2 என்று மூன்று ஸ்டீரியோ ஜோடிகள். பெர்ஃபார்மன்ஸ் மோடில் (பல பார்ட்டும் ஒன்றாக வாசிக்கும் நிலை) ஒவ்வொரு பார்ட்டுக்கும் அவுட்புட் அசைன் என்று ஒரு இடம் இருக்கும். பேஸ் கிட்டார் பார்ட்டை டைரக்ட் 1-க்கு மாற்றி, பான் (சத்தத்தை இடது, வலது என்று நகர்த்துவது) அளவை இடது கோடிக்குத் தள்ளுங்கள். இப்போது அது இடது ஜாக்கில் மட்டும் வரும். இன்னொரு பார்ட்டை அதே டைரக்ட் 1-ல் வலது கோடிக்குத் தள்ளினால், ஒரு ஸ்டீரியோ ஜோடி இரண்டு மோனோ அவுட்புட் ஆகிவிடும். டைரக்ட் 2-லும் இதையே செய்தால் தனியாக நான்கு வாத்தியம், மீதிக்கு மிக்ஸ் ஜோடி. மாற்றியதை ரைட் செய்து (சேமித்து) வையுங்கள். சேமிக்காமல் வேறு பெர்ஃபார்மன்ஸுக்குத் தாவினால் செய்த வேலை போய்விடும்.

அடுத்து, சாஃப்ட்வேரைத் திறக்காமலே இன்டர்ஃபேஸின் முகப்பில் உள்ள சிக்னல் விளக்கைப் பாருங்கள். மூன்றாம் இன்புட்டின் விளக்கு எரியாதவரை கணினியில் தேடுவது வீண். எரிந்தால், கியூபேஸின் ஆடியோ கனெக்ஷன்ஸில் இன்புட்ஸ் பகுதிக்குப் போய் 3, 4, 5, 6-க்கு மோனோ பஸ்களை (சத்தம் உள்ளே வரும் பாதைகள்) சேர்த்து, ஒவ்வொரு ஆடியோ ட்ராக்கிலும் அதற்கான பஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஏபிள்டன் லைவ் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் இன்புட் கான்ஃபிக்கில் அந்த எண்களை ஆன் செய்தால்தான் அவை பட்டியலிலேயே வரும்.

தனி அவுட்புட்டுக்கு மாற்றியதும் சத்தம் வறண்டு போய்விட்டது. கேபிள் கோளாறா?

இல்லை. ரிவெர்ப் (எதிரொலி), கோரஸ் போன்ற பொதுவான எஃபெக்ட்கள் எல்லாம் பெரும்பாலான சிந்த்களில் மெயின் ஜோடியில்தான் வந்து சேரும். தனி அவுட்புட்டுக்குப் போகிற பார்ட் அவற்றைத் தொடாமல் வெளியேறிவிடும். நல்லதுதான், ரிவெர்பை சாஃப்ட்வேரில் உங்கள் இஷ்டப்படி போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஆர்கனுக்கு ரோட்டரி ஸ்பீக்கர், எலெக்ட்ரிக் பியானோவுக்கு ஃபேஸர் மாதிரி எஃபெக்டே சத்தத்தின் உயிராக இருந்தால் அதை விடக் கூடாது. கோர்க் ட்ரைட்டன் கீபோர்டில் பார்ட்டின் பஸ் செலக்டை (எந்த வழியில் வெளியேற வேண்டும் என்ற தேர்வு) நேராக 1, 2 என்று வைக்காமல் இன்சர்ட் எஃபெக்டுக்கு (பார்ட்டின் வழியில் நடுவே வைக்கும் எஃபெக்ட்) அனுப்பி, அந்த எஃபெக்டின் வெளிவழியை 1/2 என்று வைத்தால் எஃபெக்டோடு தனியாக வரும். எல்லா பார்ட்டுக்கும் பொதுவான மாஸ்டர் எஃபெக்டுக்கு இந்த வழி இல்லை, அது மெயின் ஜோடியோடு சரி.

என் இன்டர்ஃபேஸில் இரண்டே இன்புட். எட்டு இன்புட் உள்ளதற்கு மாறியே ஆக வேண்டுமா, சார்?

வேண்டாம். நேரம் இருந்தால் ஒவ்வொரு பார்ட்டாகப் பதிவு செய்வதைத்தான் எட்டு இன்புட் வைத்திருப்பவருக்கும் சொல்வேன். காரணம் மிடியின் வேகம். ஐந்து பின் மிடி கேபிளில் விநாடிக்கு 31,250 பிட்தான் போகும். ஒரு நோட்டைத் தொடங்கச் சொல்லும் செய்திக்கு மூன்று பைட், அதாவது கிட்டத்தட்ட 1 மில்லிவிநாடி. முதல் தாளத்தில் 16 நோட்டு ஒன்றாக விழ வேண்டியிருந்தால், கடைசி நோட்டு சுமார் 15 மில்லிவிநாடி பிந்தி வரும். டிரம்ஸும் பேஸும் ஒட்டாமல் நிற்பது காதுக்குத் தெரியும். ஒவ்வொரு பார்ட்டாக எடுத்தால் இந்த நெரிசலே இல்லை. போதாததற்கு, ஒவ்வொரு பார்ட்டும் மெயின் அவுட்புட் வழியாகத் தன் ரிவெர்போடு ஸ்டீரியோவாக வரும்.

மற்ற பார்ட்டுகளை மியூட் செய்துவிட்டு ஒரே இடத்திலிருந்து மிடியை ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பார்ட்டிலும் பாட்டுக்கு ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) முன்னால் கூர்மையான சத்தத்தில் ஒரே ஒரு அடி வைத்துவிடுங்கள். பதிவான அலையில் அந்த அடியின் தொடக்கத்தை பார் கோட்டுக்கு இழுத்து வைத்தால் தாமதக் கணக்கு முடிந்தது. ஜூம் செய்து பார்த்து நகர்த்துங்கள், கண்மதிப்பு போதாது.

அவசரமென்றால் மேலே சொன்ன இடது கோடி, வலது கோடி வித்தையே போதும்: ஒரு ஓட்டத்தில் இரண்டு மோனோ பார்ட். சிந்த்தின் ரிவெர்பை மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேஸின் எதிரொலி மற்ற வாத்தியத்தின் ட்ராக்கில் கசியும்.

ஒரே யூஎஸ்பி கேபிளில் எல்லா ட்ராக்கும் தனித்தனியாக வரும் என்கிறார்களே?

சில கருவிகளில் வரும், எல்லாவற்றிலும் இல்லை. யூஎஸ்பி ஜாக் இருந்தாலே ஆடியோ வரும் என்று நம்ப வேண்டாம். பல கீபோர்டுகளில் அது மிடிக்கு மட்டும். எலெக்ட்ரான் டிஜிடாக்ட் டிரம் கருவியில் ஜாக்காக ஒரு ஸ்டீரியோ ஜோடிதான் வெளியே வருகிறது, ஆனால் எலெக்ட்ரானின் ஓவர்பிரிட்ஜ் சாஃப்ட்வேர் வழியாக ட்ராக்குகள் தனித்தனியாகக் கணினிக்குள் வரும். யமஹா மான்டேஜும் யூஎஸ்பியில் பல சேனல் ஆடியோ அனுப்பும்.

சிக்கல் எங்கே என்றால், விண்டோஸில் பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் ஒரே நேரத்தில் ஒரு ஏஎஸ்ஐஓ டிரைவரைத்தான் (ஆடியோ கருவியைச் சாஃப்ட்வேரோடு இணைக்கும் நிரல்) ஏற்கும். சிந்த்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் இன்டர்ஃபேஸ் கழன்றுவிடும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப்பில் இரண்டையும் சேர்த்து அக்ரிகேட் டிவைஸ் உருவாக்கலாம். கடிகாரமாக (வேகத்தைத் தீர்மானிப்பதாக) ஒன்றை வைத்துவிட்டு மற்றதற்கு டிரிஃப்ட் கரெக்ஷனை டிக் செய்யுங்கள். அதை விட்டால் சில நிமிடத்தில் டிக் டிக்கென்று வெடிப்புச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

ஒரு கீயை அழுத்தினால் ஒரே நோட்டு இரண்டு முறை ஒலிக்கிறது, குழாய்க்குள் கேட்பது போல.

லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள். கீபோர்டு தன் சத்தத்தை நேராகவும், சாஃப்ட்வேர் திருப்பி அனுப்பும் மிடியால் இன்னொரு முறையும் வாசிக்கிறது. அப்படியும் போகவில்லையென்றால் வாசிப்பதை உங்கள் காதுக்கு அனுப்பும் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரும் ட்ராக்கின் மானிட்டரும் ஒரே நேரத்தில் ஆனில் இருக்கும். ஒன்று போதும்.

யூஎஸ்பி கேபிளைச் சொருகியதும் உறுமல் கேட்கிறது.

கிரவுண்ட் லூப். கணினிக்கும் சிந்த்துக்கும் யூஎஸ்பி, ஆடியோ என இரண்டு வழியில் எர்த் இணைந்துவிட்டது. மிடியை ஐந்து பின் கேபிளுக்கு மாற்றிப் பாருங்கள்; அதில் ஆப்டோ ஐசொலேட்டர் இருப்பதால் மின்தொடர்பு அறுந்துவிடும். ஐந்து பின் ஜாக் இல்லாவிட்டால் ஆடியோ வழியில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (மின்தொடர்பை அறுத்து ஆடியோவை மட்டும் கடத்தும் பெட்டி) வையுங்கள். பிளக்கில் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

வாசிக்கும்போது எல்லாம் கேட்கிறது. மிக்ஸை எக்ஸ்போர்ட் செய்தால் சிந்த் மட்டும் காணோம்.

சிந்த் இன்னும் மிடி ட்ராக்காகத்தான் இருக்கிறது, ஆடியோவாகப் பதிவாகவில்லை. வேக எக்ஸ்போர்ட்டின் ஓட்டத்துக்கு வெளியே இருக்கும் கருவியால் ஈடுகொடுக்க முடியாது. முதலில் ஆடியோவாகப் பதிவு செய்யுங்கள், அல்லது எக்ஸ்டர்னல் இன்ஸ்ட்ருமென்டாக அமைத்து ரியல் டைம் எக்ஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். நான்கு நிமிடப் பாட்டுக்கு நான்கு நிமிடம் ஆகும்.