மங்கும் மருந்துக்கடைக் களிம்பும்: தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரு கன்னங்களிலும் மங்கு விழுந்துவிட்டது. காணொளிகளைப் பார்த்து வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் அமிலம், ரெட்டினால், டோனர் என நான்கையும் ஒரே மாதத்தில் வாங்கிப் பூசத் தொடங்கினேன். மங்கு குறையவில்லை, இப்போது முகம் கழுவினாலே எரிகிறது. இவற்றை எந்த வரிசையில் பூச வேண்டும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: வரிசையைப் பிறகு பார்ப்போம், முதலில் நான்கையும் எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். தண்ணீர் பட்டாலே எரிகிறது என்றால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கும் தோலின் மேலடுக்கு சேதமடைந்திருக்கிறது என்று பொருள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எந்த எரிச்சலும் ஆறும்போது கருமையை விட்டுச் செல்லும் இயல்புடையது என்பதால், மங்கைப் போக்க வாங்கிய பொருள்களே அதை அடர்த்தியாக்கிவிடக் கூடும்.

மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இளவயதில் ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகும். வயது ஏற ஏற அது இன்னும் நீளும். அதுவரை வாசனை சேர்க்காத மென்மையான ஃபேஸ் வாஷ், ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன் ஆகிய மூன்று மட்டும் போதும். குளியல் சோப்பு முகத்துக்கு வேண்டாம். தோலின் இயல்பான பி.எச். (அமில-காரத் தன்மை) அளவு 5-ஐ ஒட்டியது. பெரும்பாலான சோப்புக் கட்டிகளுக்கோ அது 9, 10 என்று இருக்கும்.

இம்மூன்றில் மங்குக்கு உண்மையான மருந்து சன்ஸ்கிரீன்தான் என்பேன். அதன் காப்புத் திறனைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். எண்ணில் 30 என்ற அளவு, சூரிய ஒளியிலுள்ள புற ஊதா-பி கதிரில் சுமார் 97 விழுக்காட்டையும், 50 என்ற அளவு சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் இவ்வளவும் கிடைப்பது போதிய அளவு பூசினால் மட்டுமே. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை விரலுக்கொரு கோடாகப் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டிய அளவு. கடுகளவு எடுத்து இழுத்துத் தேய்த்துவிட்டு, "பூசினேன், பயனில்லை" என்று சொல்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். வெயிலில் இருக்கும் நாள்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

அலுவலகத்துக்குள்தானே இருக்கிறேன் என்று விட்டுவிடவும் முடியாது. சன்னல் கண்ணாடி புற ஊதா-பி கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். மங்கையும் சுருக்கத்தையும் தூண்டும் புற ஊதா-ஏ கதிரில் கணிசமான பகுதியை உள்ளே விட்டுவிடும். இது போக, கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட மாநிறத் தோலில் மங்கை வளர்க்கும். அதைத் தடுக்கும் ஆற்றல் இரும்பு ஆக்சைடு சேர்த்த, நிறமூட்டிய சன்ஸ்கிரீனுக்கு உண்டு. அதை வாங்கினால், திருநீறு பூசியதைப் போல முகம் வெளுத்துத் தெரிகிறது என்ற வழக்கமான குறையும் தீர்ந்துவிடும்.

எரிச்சல் முற்றிலும் அடங்கிய பிறகு ரெட்டினாலை மட்டும் மீண்டும் தொடங்கலாம்: இரவில், பட்டாணியளவு, வாரத்துக்கு இரண்டு நாள். தோல் பழகப் பழக நாள்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். பலனைக் காண மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். மீண்டும் கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் ரெட்டினாலைத் தொடவே வேண்டாம். மங்கைக் குறைக்கும் மற்றொரு பூச்சு மருந்தான அசெலாயிக் அமிலம் கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பானது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் மங்கை அதிகப்படுத்தக் கூடும் என்பதால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். டோனர் இல்லாமலே வாழ்ந்துவிடலாம்.

கேள்வி: மருந்துக்கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கினேன். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. ஓராண்டாகப் பூசிவருகிறேன். ஒரு நாள் விட்டாலும் முகம் சிவந்து அரிக்கிறது. தாடையில் மெல்லிய முடியும் வளர்கிறது. வயது 38.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: ட்யூபின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு களிம்பு. குறிப்பிட்ட தோல் நோய்களுக்குக் குறுகிய காலம் பயன்படும் நல்ல மருந்துதான். அழகுக்காக மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, பருவும் முடியும் தோன்றி, நீங்கள் சொல்வதைப் போல நிறுத்தவே விடாத நிலைக்குக் கொண்டுவிடும். இத்தகைய களிம்புகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. கடைகளில் நடப்பது வேறு என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது.

நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் பொங்கிவரக் கூடும். ஆகவே அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். முகம் பழைய நிலைக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். இடையில் சற்றுக் கருத்துத் தெரிந்தால் அஞ்சி மீண்டும் அதே ட்யூபை எடுத்துவிடாதீர்கள். ஒருவேளை அது ட்யூபாக இல்லாமல், மருந்தின் பெயரே அச்சிடப்படாமல், டப்பாவில் அடைத்து விற்கப்பட்ட க்ரீம் என்றால் பாதரசம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

கேள்வி: கடலை மாவில் எலுமிச்சைச் சாறு கலந்து தினமும் பூசினால் போதாதா? வயது 31.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கடலை மாவு எண்ணெய்ப் பசையை எடுக்கும், வறண்ட தோல் இல்லையென்றால், அழுத்தித் தேய்க்காமல், வாரத்துக்கு ஓரிரு நாள் பயன்படுத்தலாம். எலுமிச்சையை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வந்து, ஆறிய பிறகும் கரிய தழும்பு நெடுநாள் நிற்கும்.