படத்தட்டுக்குக் கண் கூசுமா?

கேள்வி: என் கணவருக்கு நுரையீரலில் சின்னக் கட்டி. ஐந்து முறை கதிர்சிகிச்சை. "புது மெஷின், பழசைவிட நாலு மடங்கு வேகம்" என்றார் டெக்னீஷியன். மேசைக்கு அடியில் ஒரு கை நீண்டு, தட்டையான பெட்டி வந்து நிற்கிறது. அது படம் எடுக்குமாம். இத்தனை வேகமாகக் கதிர் விழுந்தால் அது தாங்குமா? அது தவறினால் அவருக்குக் கதிர் கூடிவிடுமா?
– வாசகி, திருச்சி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கூடிவிடாது அம்மா. கதிரை எண்ணுவது அந்தப் பெட்டி இல்லை. மெஷினின் தலைக்குள் கதிரை அளக்கும் இரண்டு அயனி அறைகள் இருக்கின்றன. ஒன்று எண்ணும், மற்றது அதற்குக் காவல். குறித்த அளவு வந்ததும் கதிர் நின்றுவிடும். கீழே நிற்கும் பெட்டி, அதாவது படத்தட்டு, வெறும் சாட்சி.

ஆனால் தாங்குமா என்று கேட்டீர்களே, அதில் நானே ஏமாந்திருக்கிறேன். பெட்டிக்குள் மேலே மெல்லிய செம்புத் தகடு, அதன் கீழே கதிர் பட்டால் ஒளிரும் கடோலினியப் பூச்சு, அதற்கும் கீழே அந்த ஒளியை மின்னூட்டமாகச் சேர்க்கும் லட்சக்கணக்கான சிலிக்கான் புள்ளிகள். மழைக்கு முற்றம் முழுக்கப் பாத்திரம் வைத்த மாதிரிதான். நிரம்புவதற்குள் வரிசை வரிசையாகக் கவிழ்த்து அளந்துகொண்டே இருக்க வேண்டும். கொட்டித் தீர்த்தால் வழியும். வழிந்த பாத்திரங்கள் எல்லாம் ஒரே அளவைத்தான் காட்டும்.

மெஷின் கதிரை யூனிட்டில் எண்ணும். பழைய முறையில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 600 யூனிட். 100 யூனிட் என்பது ஏறக்குறைய 1 கிரே; உடல் வாங்கும் கதிரின் அளவு அது. கதிரைச் சமப்படுத்த வழியில் ஓர் உலோகக் கூம்பு இருக்கும். அதை விலக்கினால் 1400, சில கதிர்களில் 2400 வரை போகும். கூடவே, நடுவில் கதிர் கோபுரம் போலக் குவியும்.

அந்த வசதி எங்களுக்கு வந்த புதிதில், நோயாளி இல்லாமல் ஒரு பிளானை ஓட்டினேன். பெட்டி, கதிர் கிளம்பும் இடத்திலிருந்து 100 சென்டிமீட்டர் தூரத்தில். படத்தில் கோபுரமாக எழ வேண்டிய கதிர் அளவின் கோடு மொட்டைமாடி மாதிரி தட்டையாக வந்தது. பீம் கெட்டுவிட்டது என்று அரை நாள் மெஷினைக் குடைந்தோம். சாயங்காலம் ஜூனியர் பெண் கேட்டாள்: "சார், தட்டைக் கீழே இறக்கிப் பார்ப்போமா?" 150 சென்டிமீட்டருக்கு இறக்கினோம். தட்டில் விழும் கதிர் பாதிக்கும் கீழே குறைந்தது. கோபுரம் எழுந்து நின்றது. பீமில் ஒரு குறையும் இல்லை. பின்னால் வந்த தட்டுகள் இன்னும் வேகமாகக் கவிழ்த்து அளப்பதால் பக்கத்தில் வைத்தாலும் வழிவதில்லை.

இன்னொரு குணமும் உண்டு. புது மண்பானை முதல் சொம்புத் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு அப்புறம் கசியவிடும் இல்லையா? சிலிக்கானும் அப்படித்தான். கொஞ்ச நேரக் கதிருக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். முந்தைய படத்தின் நிழல் அடுத்ததில் லேசாகத் தெரியும். சில சதவீத விஷயம். கணக்கில் திருத்திக்கொள்வோம்.

உங்கள் கணவர் சரியாகப் படுத்திருக்கிறாரா என்று பார்க்கும் படம் பெரும்பாலும் பக்கவாட்டுக் கைகளில் உள்ள சாதா எக்ஸ்ரேயில் எடுப்பது. நாலு மடங்கு வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேகத்தால் லாபம் அவருக்குத்தான்; அசையாமல் படுத்திருக்க வேண்டிய நேரம் குறையும்.

கேள்வி: ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கதிரைக் கொடுத்து முடிக்கும் ஃப்ளாஷ் சிகிச்சையை அளக்கவும் இதே தட்டு போதுமா?
– மருத்துவ இயற்பியல் மாணவர், கோவை

பதில்: போதாது. 2018-இல் சுவிட்சர்லாந்தின் லொசானில், தோல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் வந்த ஒருவருக்கு 15 கிரேயை 90 மில்லிசெகண்டில் கொடுத்தார்கள். நமது 2400 யூனிட்டுக்கே அதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த வேகத்தில் நான் மேலே பெருமையாகச் சொன்ன அயனி அறையும் தடுமாறும். அயனிகளைச் சேகரிப்பதற்குள் அவை ஒன்றோடொன்று கூடி மறைந்துவிடும். வேகத்தைப் பொருட்படுத்தாதது, கதிர் பட்டால் நிறம் மாறும் ஃபிலிம்தான். ஆனால் நிறம் நிலைக்கும் வரை காத்திருந்து, பெரும்பாலும் மறுநாள்தான் ஸ்கேன் செய்வார்கள். 90 மில்லிசெகண்டில் என்ன நடந்தது என்று தெரிய ஒரு ராத்திரி ஆகிறது.